வீட்டுத் தீயணைப்பான்: எப்போது எடுப்பது, எப்படிப் பிடிப்பது, எப்போது விட்டுவிட்டு வெளியேறுவது?

ஆயர் ஈத்தாம் வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினோராவது மாடியில் வசிக்கிறோம். நானும் என் கணவரும், பள்ளிக்குச் செல்லும் இரு பிள்ளைகளும், கைத்தடி ஊன்றி நடக்கும் என் மாமியாரும் வீட்டில் இருக்கிறோம். அண்மையில் எங்களுக்குக் கீழ்மாடியிலுள்ள ஒரு வீட்டில், அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த எண்ணெய் தீப்பற்றிக்கொண்டது. நடைபாதைச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானை ஒருவர் கழற்றி எடுத்து வந்தார். ஆனால் அதன் கைப்பிடியைப் பூட்டிவைத்திருக்கும் பின்னை (ஊசியை) அவராலும் உடனிருந்தவர்களாலும் இழுக்க முடியவில்லை. அதற்குள் அந்த வீட்டு அக்காவே அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியைப் பெரிய மூடியால் மூடிவிட்டதால் தீ அடங்கியது. யாருக்கும் காயம் இல்லை.

இதைப் பார்த்த பிறகு வீட்டுக்கென்று ஒரு தீயணைப்பான் வாங்க முடிவு செய்திருக்கிறோம். கடையில் விசாரித்தபோது 1 கிலோ முதல் 9 கிலோ வரை பல அளவுகளைக் காட்டினார்கள். தூள், நுரை, கரியமில வாயு என்று வகைகளையும் சொன்னார்கள். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு எது பொருந்தும்? அதைச் சமையலறையில் வைப்பதா, வாசலருகே வைப்பதா? தீப்பிடித்த நேரத்தில் முதலில் எதைச் செய்வது, அடுத்து எதைச் செய்வது? எந்தத் தீயை நாமே அணைக்க முயலலாம், எந்தத் தீயைக் கண்டால் உடனே வெளியேற வேண்டும்? மாமியாரை உடன் அழைத்துக்கொண்டு இறங்க வேண்டியிருப்பதால், இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. அறிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் எங்கள் மாடியிலுள்ள மற்றக் குடும்பங்களுக்கும் படித்துக் காட்டுவேன்.


பிறை பாதுகாப்பு அதிகாரி எழுதியது:

வணக்கம் சகோதரி. பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாகப் பணியாற்றுகிறேன்; ஊழியர்களுக்குத் தீயணைப்பானைக் கையாளக் கற்றுக்கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதி. உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். எப்போது பின்வாங்க வேண்டும் என்று தெரியாதவர் கையில் தீயணைப்பான் இருந்தால், அது அவரை நின்றிருக்கக் கூடாத இடத்தில் நிற்கவைத்துவிடும்.

ஒரு சிறிய கருவி எவ்வளவு நேரம் பீய்ச்சும் என்று பயிற்சியில் கேட்டால், பெரும்பாலோர் சில நிமிடங்கள் என்றே சொல்வார்கள். உண்மையில் 1 கிலோ, 2 கிலோ தூள் கருவிகள் பத்து விநாடிக்குச் சற்று முன்னோ பின்னோ தீர்ந்துவிடும். 9 கிலோ கருவிகூட அரை நிமிடம் தாங்குவதில்லை. எனவே இந்தக் கருவி, தீ தொடங்கிய இடத்தைவிட்டு இன்னும் பரவாமல், ஒரு குப்பைக்கூடையின் அளவுக்குள் இருக்கும் நிலைக்காகச் செய்யப்பட்டது. திரைச்சீலையில் ஏறிய தீ, மேற்கூரையை எட்டிய தீ, சோபாவின் பாதியைப் பிடித்துக்கொண்ட தீ ஆகியவை அந்த எல்லையைத் தாண்டியவை. செயற்கைப் பஞ்சும் செயற்கை இழையும் நிறைந்த இக்காலத்து வரவேற்பறை ஒன்று, தீ மூண்ட ஐந்து நிமிடத்துக்குள் முழு அறையாகவே பற்றி எரியக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவியைத் தொடுவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டியவை சில உண்டு. "தீ, தீ" என்று குரல் கொடுத்து வீட்டிலுள்ள அனைவரையும் எழுப்ப வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் மாமியாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வாசலை நோக்கி நகரத் தொடங்கியிருக்க வேண்டும். இன்னொருவர் 999 அவசர எண்ணுக்கு அழைத்திருக்க வேண்டும். தீ அணைந்த பிறகு போம்பா (தீயணைப்பு மீட்புத் துறை) வந்தால் நேரம் வீணாகுமே என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். அணைந்ததாகத் தெரியும் தீ உண்மையில் அணைந்ததா என்று பார்த்துச் சொல்வதும் அவர்களுடைய பணிதான். இத்தனையும் நடந்த பிறகு, தீ சிறியதாக இருந்து, புகை உங்கள் முகத்தின் உயரத்துக்கு இறங்காமல் இருந்து, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மட்டுமே பின்னை இழுங்கள். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள். சாத்திய கதவு புகையையும் வெப்பத்தையும் தடுத்து, படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருப்பவர்களுக்குத் தேவையான நேரத்தைப் பெற்றுத் தரும்.

வழி முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதை நான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. நமது அடுக்குமாடி வீடுகளில் சமையலறை பெரும்பாலும் வீட்டின் கோடியில் இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு நுழைவுதான். உள்ளே புகுந்து சுவரோரமாக நின்றுகொண்டு அடித்தால் தீ உங்களுக்கும் வாசலுக்கும் நடுவே வந்துவிடும். சமையலறை வாசற்படியிலேயே நில்லுங்கள். அங்கிருந்து எட்டாத தீ உங்களால் அணைக்கக்கூடிய தீ அல்ல என்று முடிவெடுங்கள்.

இனிக் கையாளும் முறைக்கு வருகிறேன். உருளையை எப்போதும் நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். உள்ளே தூளை மேலே ஏற்றும் குழாய் அடிவரை இறங்கியிருக்கிறது. கவிழ்த்துப் பிடித்தால் தூள் வராமல் அழுத்தவாயு மட்டும் வெளியேறிவிடும். பின் விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பதற்றத்தில் மேல் கைப்பிடியையும் கீழ்க் கைப்பிடியையும் சேர்த்து இறுக்கிக்கொண்டே இழுப்பதால் பின் நடுவில் சிக்கிக்கொள்கிறது; எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அப்போது அது வராது. உங்கள் கீழ்மாடியில் நடந்ததும் இதுவாகவே இருந்திருக்கலாம். கருவியைத் தரையில் நிறுத்தி, மேல் கைப்பிடியை அழுத்தாமல், பின்னின் வளையத்தைச் சற்றுத் திருகினால் பிளாஸ்டிக் முத்திரை அறுந்துவிடும். பிறகு நேராக இழுத்தால் எளிதில் வந்துவிடும். பின்னை எடுத்தபின், தீயை நெருங்குவதற்கு முன்னரே ஒரு கணம் அழுத்திப் பார்த்துக் கருவி வேலை செய்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வேலை செய்யவில்லையென்றால் உடனே வெளியேறுங்கள்.

தீயிலிருந்து இரண்டு முதல் மூன்று மீட்டர் தொலைவில், சற்றே குனிந்து நின்று, முனையைத் தீயின் அடிப்பகுதிக்குக் குறிவையுங்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது மேலே ஆடும் சுவாலைதான்; ஆனால் எரிந்துகொண்டிருக்கும் பொருள் கீழே இருக்கிறது. சுவாலையை நோக்கி அடித்த தூள் அதனூடே பாய்ந்து பின்சுவரில்தான் படியும். கைப்பிடியை விடாமல் அழுத்திக்கொண்டு, தீயின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை பக்கவாட்டில் வீசிக் கொடுங்கள். தீ பின்வாங்கினால் மட்டும் ஓரடி முன்னே செல்லுங்கள். அணைந்துவிட்டதாகத் தெரிந்தாலும் திரும்பி நடக்காதீர்கள். தீயைப் பார்த்தபடியே பின்னோக்கி நகருங்கள். மெத்தை, மரச்சாமான், துணிக்குவியல் போன்றவற்றின் உள்ளே கங்கு உயிரோடிருந்து மீண்டும் பற்றிக்கொள்வது உண்டு.

சிறிய அறைக்குள் தூளை அடித்த சில விநாடிகளில் வெண்புகை போன்ற படலம் சூழ்ந்து எதுவும் தெரியாது. தொண்டை எரியும், இருமல் வரும். இதை முன்கூட்டியே அறியாதவர்கள் தீ பெரிதாகிவிட்டதென்று எண்ணிக் கலங்கி, வழியைத் தவறவிடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் வழி இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வகையைப் பொறுத்தவரை, வீட்டுக்கு ஏபிசி உலர்தூள் கருவியே பொருத்தமானது. ஏ என்பது மரம், துணி, காகிதம் போன்ற திடப்பொருள்களையும், பி என்பது பெட்ரோல், சாயம் போன்ற திரவங்களையும், சி என்பது எரிவாயுவையும் குறிக்கிறது. இந்தத் தூளில் முதன்மையாக இருப்பது மோனோ அமோனியம் பாஸ்பேட் என்னும் உப்பு. அது சுவாலைக்குள் நடக்கும் வேதிவினைத் தொடரை அறுக்கிறது; திடப்பொருளின்மேல் உருகிப் படிந்து காற்றையும் தடுக்கிறது. மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மின்சாதனத்தில் பிடித்த தீக்கும் பயன்படுத்தலாம். என்றாலும் மெயின் சுவிட்ச்சை எட்ட முடிந்தால் முதலில் அதை அணையுங்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை தீ திரும்பத் திரும்பப் பிடிக்கும்.

வாங்கும்போது உருளையில் சிரிம் (மலேசியத் தரச்சான்று நிறுவனம்) சான்று முத்திரையும், தீயணைப்பு மீட்புத் துறையின் ஒட்டுவில்லையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் நாட்டில் கையடக்கத் தீயணைப்பான்களுக்குரிய தரநிலை எம்.எஸ். 1539. வீடு வீடாக வந்து "போம்பா அனுப்பியது, வாங்கியே ஆக வேண்டும்" என்று விற்க முயல்வோரை நம்ப வேண்டாம். தனது பெயரில் வீடுதோறும் தீயணைப்பான் விற்க எவரையும் நியமிக்கவில்லை என்று அத்துறையே பலமுறை எச்சரித்திருக்கிறது. தேதி பொறிக்கப்படாத, எந்தச் சான்றும் இல்லாத மலிவான தெளிப்பான் டப்பாக்களையும் இணையத்தில் பார்க்கிறேன். உயிரைக் காக்கும் பொருளில் அந்தச் சிக்கனம் கூடாது.

வைக்கும் இடம் வாசலுக்கும் சமையலறைக்கும் இடைப்பட்ட, எல்லாருக்கும் தெரிந்த இடமாக இருக்கட்டும். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினால், தீப்பிடித்த நேரத்தில் கருவியை எடுக்கத் தீயையே தாண்டிப் போக வேண்டியிருக்கும். கதவுக்குப் பின்னாலும் வேண்டாம், சாமான் அறைக்குள்ளும் வேண்டாம். மாதம் ஒருமுறை அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, முத்திரை அறுபடாமல் இருக்கிறதா, குழாயில் வெடிப்பு உண்டா என்று பார்த்துவிடுங்கள். கடலோரக் காற்றில் பினாங்கில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கிறது; அடிப்பகுதியில் துருவேறிய உருளையை மாற்றிவிடுவதே நல்லது.


செந்தூல் சமையற்கலைஞர் எழுதியது:

கோலாலம்பூர் செந்தூலில் திருமணங்களுக்கும் கோயில் நிகழ்ச்சிகளுக்கும் சமைத்துக் கொடுக்கிறேன். பெரிய சட்டிகளில் நாள் முழுவதும் எண்ணெய் காயும் இடத்தில் வேலை செய்வதால், மேலே ஐயா சுருக்கமாகத் தொட்டுச் சென்ற சமையலறையைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் கீழ்மாடி அக்கா செய்ததுதான் சரியான செயல். எண்ணெய் தீப்பற்றினால் முதலில் அடுப்பை அணைக்க வேண்டும்; அடுத்து, சட்டியின் வாயை முழுவதும் மறைக்கும் உலோக மூடியையோ தீப்போர்வையையோ (எளிதில் எரியாத துணியை) உடலுக்கு முன்னால் கேடயமாகப் பிடித்தபடி, நம் பக்கத்திலிருந்து அப்பால் தள்ளி மூட வேண்டும். மூடியபின் திறந்து பார்க்கவே கூடாது. குறைந்தது அரை மணி நேரமாவது அப்படியே விட்டுவிடுங்கள். எண்ணெய் இன்னும் சூடாக இருக்கும்போது மூடியைத் தூக்கினால், காற்றுப் பட்டதும் மறுபடியும் பற்றிக்கொள்ளும். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கோ வாசலுக்கோ ஓடுவது மிக மோசமான காயங்களில் முடியும். கைநடுங்கிச் சிந்தும் எண்ணெய் நம் மேலேயே விழும்.

தண்ணீர் ஏன் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் விளக்கிச் சொல்லுங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. ஊற்றியதும் சட்டியின் அடிக்குப் போய்விடும். அங்கே 300 பாகை செல்சியஸுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் அது நொடியில் ஆவியாகி, ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகும். அந்த ஆவி எரியும் எண்ணெயைத் துளித்துளியாகச் சிதறடித்துக் கூரைவரை தூக்கி எறியும். ஒரு குவளைத் தண்ணீரே போதும், சமையலறை முழுவதும் தீயாகிவிடும்.

ஏபிசி தூள் கருவியை எண்ணெய்ச் சட்டிக்குப் பயன்படுத்துவதிலும் எச்சரிக்கை வேண்டும். அது வேகமாகப் பாய்வதால், பக்கத்திலிருந்து அடித்தால் எண்ணெயே தெறித்துப் பரவும். மேலும், தூள் சுவாலையை அடக்குமே தவிர எண்ணெயைக் குளிர்விக்காது. தூள் அடங்கியதும் தீ திரும்பலாம். எண்ணெய்த் தீக்கென்றே ஈர வேதிக் கருவி என்ற வகை இருக்கிறது. அதில் எஃப் வகை என்று குறிப்பிட்டிருக்கும். அதிலுள்ள பொட்டாசியம் உப்புக் கரைசல் மெல்லிய தூறலாக விழுந்து, எண்ணெயோடு சேர்ந்து சோப்பைப் போன்ற நுரைப்படலமாக மாறி, எண்ணெயை மூடிக் குளிரவும் வைக்கிறது. உணவகங்களுக்கு அது தேவை. உங்கள் வீட்டுக்கு ஒரு தீப்போர்வையும் சரியான அளவுள்ள மூடியும் போதும் என்பது என் கருத்து. போர்வையைச் சமையலறை நுழைவாயிலில், உறையிலிருந்து ஒரே இழுப்பில் எடுக்கும்படி மாட்டுங்கள்.

பாமாயில் 230 பாகையை ஒட்டியே புகையத் தொடங்கிவிடும்; தானாகத் தீப்பற்ற அதற்கு மேலும் நூறு பாகையேனும் ஏற வேண்டும். அதாவது எண்ணெய் நமக்கு முன்னறிவிப்புக் கொடுக்கிறது. புகை கண்டதும் அடுப்பைக் குறைப்பவர்களுக்குத் தீயணைப்பானே தேவைப்படாது. பொரியல் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்க வரவேற்பறைக்குப் போகும் பழக்கத்தை வீட்டில் யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

எரிவாயுத் தோம்பு, அதாவது சிலிண்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரெகுலேட்டர் இணைப்பிலோ ரப்பர்க் குழாயிலோ கசிவு ஏற்பட்டு அங்கேயே சுவாலை எரிந்துகொண்டிருந்தால், வாயுவை நிறுத்த முடியாத நிலையில் அந்தச் சுவாலையை மட்டும் அணைக்காதீர்கள். எரியாமல் வெளிவரும் வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவித் தேங்கும். எங்கோ ஒரு பொறி பட்டதும் வெடிக்கும். வால்வைப் பாதுகாப்பாக எட்டி மூட முடிந்தால் மூடுங்கள். தீ தானாகவே அடங்கும். முடியாவிட்டால் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 999-ஐ அழையுங்கள். தீயே இல்லாமல் வாயு நாற்றம் மட்டும் வந்தால், விளக்கையோ மின்விசிறியையோ போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்; கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.


கிள்ளான் சாலை வாசகர் எழுதியது:

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. அளவைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. பத்து விநாடியில் தீர்ந்துபோகும் சிறிய கருவியை வாங்குவதைவிட, சற்றுக் கூடுதலாகச் செலவழித்து 9 கிலோ கருவியையே வாங்கிவிடலாமே. பெரிய கருவி இருந்தால் பெரிய தீயையும் அணைக்கலாம் அல்லவா? நாங்கள் கோலாலம்பூர் பழைய கிள்ளான் சாலையில் இருக்கும் தரைவீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.


பிறை பாதுகாப்பு அதிகாரி எழுதியது:

உங்கள் எண்ணம் நியாயமானதே. வலுவான இரண்டு ஆண்கள் இருக்கும் தரைவீட்டில் 9 கிலோ கருவி பயன்படலாம். ஆனால் 9 கிலோ என்பது உள்ளேயுள்ள தூளின் எடை மட்டுமே. உருளையையும் சேர்த்தால் 13 கிலோவுக்கும் மேல் வரும். அதைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடியை அழுத்தி, மறு கையால் குழாயைப் பிடித்து வீசுவது பழக்கமில்லாதவர்களுக்கு எளிதன்று. பகல் வேளையில் வீட்டில் யார் இருப்பார்களோ அவர்களால் தூக்க முடிகிற அளவுதான் அந்த வீட்டுக்குச் சரியான அளவு. சகோதரியின் வீட்டுக்கு 2 கிலோ கருவியைப் பரிந்துரைப்பேன். அதன் மொத்த எடை நான்கு கிலோவை ஒட்டியிருக்கும். நடைபாதையில் இருக்கும் பெரிய கருவி அதற்கு மேலதிகத் துணையாக இருக்கட்டும். அதைப் பராமரிப்பது குடியிருப்பு நிர்வாகத்தின் பொறுப்பு. ஒட்டுவில்லையில் உள்ள தேதி கடந்திருந்தால் எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

பெரிய கருவி பெரிய தீயை அணைக்கும் என்ற நம்பிக்கையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். அறை முழுவதும் பரவிய தீயின் முன், கருவியின் அளவு எதுவாக இருந்தாலும், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு சில மூச்சுகளிலேயே ஆளை நிலைகுலையச் செய்துவிடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.


ஆயர் ஈத்தாம் வாசகி கேட்டது:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. இன்னும் சில ஐயங்கள் எழுகின்றன. என் மகன் மின்கல ஸ்கூட்டரை இரவில் வாசலருகே மின்னேற்றம் செய்கிறான். அதில் தீப்பிடித்தால் இந்தத் தூள் கருவி உதவுமா? கணவரின் அலுவலகத்தில் இருப்பதைப் போன்ற கரியமில வாயுக் கருவி வீட்டுக்கு நல்லதா, தூளைப் போல் பொருள்களைப் பாழாக்காது என்கிறாரே? மாமியாரை எப்படி இறக்குவது என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.


பட்டர்வொர்த் தன்னார்வலர் எழுதியது:

பட்டர்வொர்த் வட்டாரத்தில் தன்னார்வத் தீயணைப்புக் குழுவோடு சேர்ந்து குடியிருப்புகளில் விளக்கக் கூட்டங்கள் நடத்தி வருகிறேன். முதலில் ஸ்கூட்டரை வாசலருகிலிருந்து அகற்றிவிடுங்கள், அக்கா. லித்தியம் மின்கலம் உள்ளுக்குள் சூடேறத் தொடங்கினால், தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு, உள்ளேயுள்ள சிறு மின்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். தூள் வெளிச்சுவாலையை அடக்கினாலும் உள்ளே நடப்பது நிற்காது. சில நிமிடங்களில் மீண்டும் வெடித்து எரியும். அதிலிருந்து வரும் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு போன்ற நச்சு வாயுக்களும் கலந்திருக்கும். அதை அடக்க மிகுந்த அளவு தண்ணீர் ஊற்றித் தொடர்ந்து குளிர்விக்க வேண்டும். அது போம்பா வீரர்களுக்குரிய வேலை. உங்கள் வீட்டுக்கு ஒரே வாசல். அந்த வாசலில் அது எரிந்தால் ஐந்து பேரும் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். மகன் விழித்திருக்கும் நேரத்தில், வண்டியோடு வந்த மின்னேற்றியைக் கொண்டே, வெளியேறும் வழியில் இல்லாத இடத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

கரியமில வாயுக் கருவி மின்கருவிகள் நிறைந்த அலுவலகத்துக்கு ஏற்றது. எந்தப் படிவையும் விட்டுச் செல்லாது என்பது உண்மை. ஆனால் அது தீயைச் சுற்றியுள்ள காற்றை விலக்கியே வேலை செய்கிறது. சிறிய மூடிய அறைக்குள் அடித்தால் நாம் மூச்சுவிடும் காற்றும் குறைந்துவிடும். வெளிவரும் வாயு சுழியத்துக்குக் கீழே 78 பாகைவரை குளிர்ந்திருக்கும் என்பதால் கொம்பு போன்ற அதன் முனையை வெறுங்கையால் பிடித்தால் தோல் ஒட்டிப் புண்ணாகும். மெத்தையிலும் துணியிலும் பிடித்த தீயை அது குளிர்விக்காததால் கங்கு மிஞ்சிவிடும். அழுத்தமானியும் அதில் கிடையாது. எடை போட்டுத்தான் உள்ளே வாயு இருக்கிறதா என்று அறிய முடியும். வீட்டில் ஒரே ஒரு கருவி வைக்கப்போகிறவர்களுக்குத் தூள்தான் சரி. கணினியோ தொலைக்காட்சியோ பாழாகுமே என்று அந்த நேரத்தில் யோசிக்க வேண்டாம். பிறகு, தூள் ஈரத்தில் அரிக்கும் தன்மையுடையது என்பதால், காய்ந்த துணியாலும் துடைப்பத்தாலும் விரைவில் அகற்றிவிடுங்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றி. நம் ஊரில் திருட்டுக்கு அஞ்சி வாசலிலும் சன்னலிலும் கிரில் போட்டுப் பூட்டிவைக்கிறோம். இரவில் புகை சூழ்ந்த பிறகு சாவியைத் தேடுவது எவ்வளவு கொடியது என்பதை நான் கூட்டங்களில் அழுத்தமாகச் சொல்வேன். 2017 செப்டம்பர் 14 அன்று கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதியில் நடந்த தீயில், வெளியேறும் வழி அடைபட்டு, சன்னல்களில் கம்பி இருந்ததால் தப்ப முடியாமல் 23 பேர் மாண்டார்கள்; பெரும்பாலோர் சிறுவர்கள். உங்கள் கிரில் சாவி, கதவுக்கு அருகே, வெளியிலிருந்து கைநீட்டி எடுக்க முடியாத ஆணி ஒன்றில் எப்போதும் தொங்கட்டும். பிள்ளைகளுக்கும் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். இதைச் செய்துவிட்டுப் பிறகு தீயணைப்பான் வாங்கப் போங்கள்.

தீ என்று தெரிந்ததும், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், மாமியார்தான் முதலில் நகரத் தொடங்க வேண்டும். கருவியைப் பிடிக்கப் போகிறவர் ஒருவர், மாமியாருடன் செல்கிறவர் இன்னொருவர் என்று இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பகலில் அவரோடு நீங்கள் மட்டும் இருந்தால், தீயைத் தொடாமல் அவரையே அழைத்துச் செல்லுங்கள். மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. பதினோரு மாடி இறங்க அவரால் இயலாதென்றால், படிக்கட்டுக் கூடத்துக்குள் கொண்டுபோய்த் தீத்தடுப்புக் கதவைச் சாத்திவிட்டு, புகை இல்லாதவரை அங்கே அவரோடு இருந்து, 999-இல் பேசுபவரிடம் எந்த மாடி, எந்தப் படிக்கட்டு, நடக்க இயலாதவர் இருக்கிறார் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். பல குடியிருப்புகளில் காற்றோட்டத்துக்காகச் செங்கல்லோ பூந்தொட்டியோ வைத்து அதைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். செங்கல்லை எடுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். நடைபாதையில் இருக்கும் காலணி அடுக்குகளையும் பழைய மேசைகளையும் அகற்றச் சொல்வதும் அதே அளவு முக்கியம்.

நடைபாதையே புகையால் நிறைந்திருந்தால் வெளியே போக முயல வேண்டாம். வாசற்கதவைச் சாத்தி, அடியிலுள்ள இடைவெளியை ஈரத்துணியால் அடைத்து, தீயிலிருந்து தொலைவிலுள்ள சன்னலருகே எல்லாரும் சேர்ந்திருந்து, வெளிர்நிறத் துணியை அசைத்துக் காட்டுங்கள்.


ஆயர் ஈத்தாம் வாசகி கேட்டது:

சாவிக்கு இன்று மாலையே ஆணி அடித்துவிட்டோம். கடைசியாக ஒரு கேள்வி. புதிய கருவி வாங்கியதும், பழகிக்கொள்வதற்காக ஒரு விநாடி மட்டும் அழுத்திப் பார்த்து மறுபடியும் மாட்டிவைக்கலாமா?


பிறை பாதுகாப்பு அதிகாரி எழுதியது:

கூடாது, சகோதரி. ஒருமுறை அழுத்தினாலே சிறிதளவு தூள் வால்வு மூடிக்கொள்ளும் இடத்தில் சிக்கிக்கொண்டு, அது முழுவதும் மூடாமல் போகும். வெளியே எதுவும் தெரியாமல் அழுத்தம் மெல்லக் கசிந்து, தேவைப்படும் நாளில் உருளை நிறையத் தூள் இருந்தும் ஒன்றும் வராது. பின்னை இழுக்காமலேயே பழகலாம்: இடத்திலிருந்து கழற்றுவது, தரையில் நிறுத்துவது, வளையத்தைத் தொட்டு எந்தத் திசையில் திருக வேண்டும் என்று பார்ப்பது, சமையலறை வாசற்படிவரை தூக்கிச் சென்று எங்கே நிற்பது என்று முடிவுசெய்வது. பிள்ளைகளுக்கும் இதைக் காட்டுங்கள். ஆனால் அவர்களுடைய வேலை பாட்டியோடு வெளியேறுவது மட்டுமே என்றும் சொல்லிவையுங்கள். உண்மையாகவே பீய்ச்சிப் பழக விரும்பினால், உங்கள் குடியிருப்பு நிர்வாகத்தின் வழியாக அருகிலுள்ள போம்பா நிலையத்துக்கு எழுதி, செயல்விளக்கம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்யக் கேளுங்கள். மாடிக்கு இருவராவது வந்தால் நல்லது.

தீயில் ஒருமுறை பயன்படுத்திய கருவிக்கும் இதே விதிதான். பாதி மிச்சமிருந்தாலும் மீண்டும் சுவரில் மாட்டாமல், யாரும் நிறைந்த கருவி என்று தவறாக எடுத்துவிடாதபடி தரையில் படுக்கவைத்து, சான்றுபெற்ற நிறுவனத்திடம் நிரப்பக் கொடுங்கள்.